காத்திருந்து பார்த்த காடு

1978 ஜனவரி. ருவாண்டாவின் விருங்கா மலைச்சரிவு. ஆளுயரச் செடிகொடிகள் ஈரம் சொட்ட மண்டிக்கிடந்த காட்டுக்குள் பிபிசி படக்குழு ஒன்று மலைக் கொரில்லாக்களைத் தேடிப் போயிருந்தது. தொகுப்பாளர் டேவிட் அட்டன்பரோ அன்று பேச வேண்டியது ஒரு சின்னப் பாடம்தான். கட்டைவிரல் மற்ற விரல்களைத் தொடும்படி வளைவதால் குரங்கினத்துக்கு என்ன வசதி என்று கொரில்லாக்களை அருகில் வைத்து விளக்க வேண்டும். புதருக்குள் ஊர்ந்து போனவர் தலை நிமிர்ந்தபோது மிக அருகே ஒரு பெண் கொரில்லா. அந்த இடத்தில் கட்டைவிரல் பாடம் எடுபடாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கொரில்லாவோடு கண்ணுக்குக் கண் பார்க்கும்போது வேறெந்த விலங்கிடமும் கிடைக்காத ஒரு புரிதல் பிறக்கிறது என்று, காதோடு சொல்லும் ரகசியக் குரலில், மனதில் பட்டதைப் பேசினார்.

பிறகு ஒரு பெண் கொரில்லா அவர் தலையில் கை வைத்தது. அவர் முகத்தை உற்றுப் பார்த்தது. குட்டிகள் காலடியில் உட்கார்ந்து அவர் ஷூவை நோண்டத் தொடங்கின. இவ்வளவும் நடக்கும்போது கேமரா பெரும்பாலும் ஓடவில்லை. கட்டைவிரல் பாடத்துக்கு ஃபிலிம் வேண்டுமே என்று இயக்குநர் ஜான் ஸ்பார்க்ஸ் மிச்சம்பிடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் கொஞ்ச நேரக் காட்சிதான் பதிவானது. 1979-ல் ‘லைஃப் ஆன் எர்த்’ 13 பகுதிகளாக ஒளிபரப்பானபோது, தொடரின் மற்ற பகுதிகளை மறந்தவர்கள்கூட அந்தக் கொஞ்ச நேரத்தை மறக்கவில்லை.

டிவியில் இயற்கைப் படங்கள் நம்மை ஏன் இப்படிக் கட்டிப்போடுகின்றன என்று யோசிக்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் காட்சிதான். எழுதி வைத்த வசனம் தோற்று, எதிரே உட்கார்ந்திருந்த உயிர் ஜெயித்த இடம் அது. டிவியில் வரும் மற்றதெல்லாம் நம்மை மனதில் வைத்து எடுக்கப்படுகிறது. சீரியலில் மாமியார் முறைப்பது நமக்காக. விவாத மேடையில் ஒருவர் குரலை உயர்த்துவதும் நமக்காகத்தான். கொரில்லாவுக்கு நாம் பார்ப்பது தெரியாது. தெரிந்தாலும் அதற்கு அக்கறை கிடையாது. அதை நாம் பார்க்க வேண்டுமென்றால், யாரோ ஒருவர் அதன் வசதிக்கு, அதன் நேரத்துக்குக் காத்துக் கிடந்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பின் பலனைத்தான் வீட்டுக் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து நாம் அனுபவிக்கிறோம். இந்தப் படங்களில் சிறந்தவை ஏன் சிறந்தவையாக இருக்கின்றன என்பதற்கும், சில ஏன் நம்மை ஏமாற்றுகின்றன என்பதற்கும் விடை இதில் இருப்பதாக நம்புகிறேன்.

மேசைமேல் வந்த விலங்குகள்

தொடக்கத்தில் காத்திருப்பெல்லாம் இல்லை. 1950களின் பிபிசியில் லண்டன் உயிரியல் பூங்காவிலிருந்து விலங்குகளை ஸ்டுடியோவுக்கே கொண்டுவந்து, மேசைமேல் வைத்துக் காட்டுவார்கள். 1954-ல் தொடங்கிய ‘ஜூ குவெஸ்ட்’ அதிலிருந்து ஒரு படி முன்னேறியது. குழு காட்டுக்கே போனது. ஆனால் போனது விலங்குகளைப் பிடித்துப் பூங்காவுக்குக் கொண்டுவர. முதல் பயணம் சியரா லியோனுக்கு. நிகழ்ச்சியை நடத்த வேண்டிய பூங்கா அதிகாரி ஜாக் லெஸ்டர் உடல்நலம் குன்றியதால்தான் தயாரிப்பாளர் அட்டன்பரோ கேமராவுக்கு முன்னால் வந்தார். இன்று அந்த நிகழ்ச்சியை யாரும் எடுக்கத் துணிய மாட்டார்கள். எடுத்தாலும் பார்க்கிறவர்களே சண்டைக்கு வந்துவிடுவார்கள். 70 ஆண்டுகளில் நம் கண்ணில் நேர்ந்திருக்கும் இந்த மாற்றத்துக்கு, இடையில் வந்த படங்களே பெரிய காரணம்.

1957-ல் பிரிஸ்டல் நகரில் பிபிசி தன் இயற்கை வரலாற்றுப் பிரிவை அமைத்தது. 1967-ல் இங்கிலாந்துக்கு வண்ணத் தொலைக்காட்சி வந்தபோது அதைக் கொண்டுவந்த பிபிசி 2 சேனலின் தலைமைப் பொறுப்பில் இருந்தவரும் அட்டன்பரோதான். கறுப்பு வெள்ளையில் தொடங்கியவர், 97 வயதில் 2023-ல் ‘பிளானட் எர்த் 3’-க்கும் குரல் கொடுத்தார். ஒரு கலையின் முழு வரலாறும் ஒரே மனிதரின் வாழ்நாளுக்குள் அடங்குவது அபூர்வம்.

டிவி கடைக்குப் போய்ப் பாருங்கள். சுவர் முழுக்க வரிசையாக மாட்டியிருக்கும் பெரிய திரைகளில் சினிமா ஓடாது. பவளப்பாறையைச் சுற்றும் மீன்களும், இறகை விரிக்கும் பஞ்சவர்ணக்கிளியும், அருவியும்தான் ஓடும். திரையின் தரத்தைக் காட்டக் கிளி இறகைவிடச் சிறந்த சாட்சி கிடையாது என்று விற்கிறவர்களுக்குத் தெரியும். 2006-ல் வந்த ‘பிளானட் எர்த்’ முழுவதும் எச்டியில் எடுக்கப்பட்டது. அதுவரை பிபிசி எடுத்த இயற்கைத் தொடர்களிலேயே அதிகச் செலவு பிடித்ததும் அதுதான். ஐந்து ஆண்டுகள் உழைத்து எடுத்தார்கள். புது டிவி வாங்கியவர்கள் முதலில் போட்டுப் பார்த்தது அந்தத் தொடரின் டிஸ்கைத்தான் என்ற காலம் ஒன்று இருந்தது.

அதில் ஆப்பிரிக்கக் காட்டுநாய்கள் கூட்டமாக வேட்டையாடும் காட்சியை ஒரு முறையாவது பார்த்திருப்பீர்கள். ஹெலிகாப்டரில் கேமராவைப் பொருத்தினால் படம் நடுங்கும், தாழப் பறந்தால் விலங்கு மிரண்டு ஓடும். ஜைரோஸ்கோப் கொண்டு நடுக்கத்தை உறிஞ்சிக்கொள்ளும் தாங்கி ஒன்றை ஹெலிகாப்டரின் மூக்கில் பொருத்தியதும் இரண்டு சிக்கலும் தீர்ந்தன. வெகு உயரத்திலிருந்து, நாய்களுக்குத் தொல்லை தராமல், அவை எப்படிப் பிரிந்து சென்று மானை வளைக்கின்றன என்று முழு வேட்டையையும் மேலிருந்து பார்க்க முடிந்தது. தரையில் நிற்கும் ஆய்வாளர்கள் துண்டு துண்டாகப் பார்த்திருந்த ஒன்றைச் சாதாரணப் பார்வையாளர்கள் முழுதாகப் பார்த்தார்கள். வேட்டைக்காரர் கண்ணுக்கும் அரசர் கண்ணுக்கும் எட்டாதது மாதக் கட்டணத்தில் நம் கண்ணுக்கு வந்துவிட்டது.

இதே தொடரின் மலைகள் பற்றிய பகுதியில் பாகிஸ்தானின் உயர்ந்த மலைச்சரிவில் பனிச்சிறுத்தை ஒன்று மார்க்கோர் காட்டாட்டைத் துரத்தும். செங்குத்துப் பாறையில் இரண்டும் உருண்டு புரண்டு ஓடும். ஆடு தப்பிவிடும். பத்து ஆண்டு கழித்து, 2016-ன் ‘பிளானட் எர்த் 2’-வில் லடாக்கின் பாறை இடுக்குகளில் தானியங்கி கேமராக்களைப் பதித்து விட்டு வந்தார்கள். பனிச்சிறுத்தை தானாக நடந்து வந்து, பாறையில் தன் வாசனையைத் தேய்த்து, கேமராவையும் முகர்ந்துவிட்டுப் போனது. ஆளே இல்லாத இடத்தில் அது எப்படி நடக்குமோ அப்படி நடந்தது. அதே தொடரின் நகரங்கள் பகுதிக்கு மும்பைக்கு வந்தார்கள். சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவை ஒட்டிய குடியிருப்புகளின் ஓரத்தில், வெப்பத்தை உணரும் கேமராவில், சிறுத்தைகள் வெளிச்சப் புள்ளிகளாய் வந்து பன்றிகளை வேட்டையாடுகின்றன. அடுத்த தெருவில் மனிதர்கள் நடமாடிக்கொண்டிருக்கிறார்கள். உலகிலேயே சிறுத்தைகள் மிக நெருக்கமாக வாழும் இடங்களில் அதுவும் ஒன்று.

உடும்பு ஓடிய மணல்

‘பிளானட் எர்த் 2’ என்றாலே எல்லோரும் சொல்வது இன்னொரு காட்சி. கலாபகஸ் தீவுக்கூட்டத்தில் ஃபெர்னாண்டினா தீவு. பார்க்க உடும்பு போல இருக்கும் கடல் இகுவானாவின் குஞ்சுகள் மணலைக் கிளறி வெளியே வருகின்றன. எரிமலைப் பாறை இடுக்குகளில் பாம்புகள் காத்திருக்கின்றன. அந்தப் பாம்புகளுக்குக் கண்பார்வை மட்டு. அசைந்தால்தான் தெரியும். ஒரு குஞ்சு அசையாமல் நிற்கிறது. பாம்பு அதன்மேல் உரசிக்கொண்டு போகிறது. பிறகு அது ஓட்டமெடுக்க, பாறையின் எல்லா இடுக்கிலிருந்தும் பாம்புகள் கொட்டுகின்றன. பின்னிப் பிடிக்கின்றன. குஞ்சு நழுவி, தாவி, தப்பிவிடுகிறது. எத்தனை முறை பார்த்தாலும் கை முறுக்கிக்கொள்ளும். பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் அந்த ஆண்டின் மறக்க முடியாத தொலைக்காட்சிக் காட்சியாக மக்கள் அதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்தக் காட்சி முழுக்க ஒரே குஞ்சு ஓடியதல்ல என்று அந்தப் பகுதியின் தயாரிப்பாளர் பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். வெவ்வேறு குஞ்சுகளின் ஓட்டங்களிலிருந்து துண்டுகளை எடுத்துக் கோத்திருக்கிறார்கள். கேட்டதும் சுருக்கென்றுதான் இருந்தது. ஒலி விஷயத்தில் இது இன்னும் கூடுதல். அரை கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து டெலிஃபோட்டோ லென்ஸில் எடுத்த விலங்கின் காலடி ஓசை மைக்கில் விழ வழியே இல்லை. கேட்பதில் பெரும்பகுதி ஸ்டுடியோவில் பிறந்தது. பையில் சோளமாவை அடைத்து அழுத்தினால் பனியில் நடக்கும் ஓசை கிடைக்கும் என்பது ஒலிக்கலைஞர்கள் வெகுநாளாகக் கையாளும் வழி. சிலந்தி நடப்பது கேட்கிறதென்றால் அதை யாரோ ஒருவர் விரல் நுனியால் செய்திருக்கிறார்.

இதையெல்லாம் வைத்து இந்தப் படங்கள் பொய் என்று தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கோப்பது வேறு, புனைவது வேறு. அந்தத் தீவில் குஞ்சுகள் வெளிவருவதும், பாம்புகள் காத்திருப்பதும், அசையாதது தப்புவதும், சில தப்பி ஓடுவதும் உண்மை. எல்லை எங்கே மீறப்படுகிறது என்று தெரிய 1958-க்குப் போக வேண்டும். டிஸ்னியின் ‘ஒயிட் வைல்டர்னஸ்’ படத்தில் லெமிங் என்னும் சின்னஞ்சிறு எலிகள் கூட்டம் கூட்டமாகப் பாறை முனையிலிருந்து நீரில் குதித்துச் சாகின்றன. அந்தப் படத்துக்கு ஆஸ்கர் விருது கிடைத்தது. லெமிங்குகள் தற்கொலை செய்துகொள்ளும் என்று உலகமே நம்பியது. இன்றும் நம்புகிறவர்கள் உண்டு. நடந்தது என்னவென்றால், அவை இயல்பாக வாழாத கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்துக்கு விலைகொடுத்து வாங்கி வந்து, சுழலும் பலகைமேல் ஓடவிட்டுக் கூட்டம்போலக் காட்டி, பாறையிலிருந்து தள்ளிவிட்டிருக்கிறார்கள். கனடா தொலைக்காட்சியின் புலனாய்வு நிகழ்ச்சி ஒன்று 1982-ல் இதை வெளிக்கொண்டுவந்தது. அந்தப் படம் எடுத்தவர்கள் லெமிங்குகளுக்காகக் காத்திருக்கவில்லை. தங்களுக்கு வேண்டியதைச் செய்யும்படி அவற்றை நெட்டித் தள்ளினார்கள். கொடுமை, பொய் இரண்டும் அங்கே ஒன்றாகவே பிறந்தன.

கோப்பதற்கும் புனைவதற்கும் நடுவே சங்கடமான இடங்களும் உண்டு. 2011-ன் ‘ஃப்ரோசன் பிளானட்’ தொடரில் பனிக்குகைக்குள் துருவக்கரடி குட்டி போட்டிருக்கும் காட்சி ஒரு விலங்குப் பூங்காவில் எடுத்தது. காட்டுக் கரடியின் குகைக்குள் கேமராவை நுழைத்தால் குட்டிகளுக்கு ஆபத்து என்பது உண்மைதான். ஆனால் திரையில் அதை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் யாரும் குறைவாக ரசித்திருக்க மாட்டார்கள். பார்க்கிறவர்களை நம்பாத இடத்தில்தான் இந்தப் படங்கள் தடுமாறுகின்றன.

அதனால்தான் பெரிய தொடர்களின் கடைசிப் பத்து நிமிடம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். எப்படி எடுத்தோம் என்று குழுவே காட்டும் பகுதி. கூடாரத்துக்குள் நனைந்து கிடப்பது, வாரக்கணக்கில் ஒன்றும் வராமல் வெறித்துப் பார்ப்பது, கடைசி நாளில் கிடைப்பது. கடலைப் பற்றிய ‘புளூ பிளானட் 2’ தொடருக்காக 39 நாடுகளில் 125 பயணங்கள், கடலுக்கடியில் 6,000 மணி நேரத்துக்கும் மேல். அந்த மணிநேரங்களில் கிடைத்ததுதான், ஆஸ்திரேலியாவின் பவளப்பாறையில் ஒரு மீன் சிப்பியை வாயில் கவ்விக்கொண்டு, தினமும் தான் போகும் அதே பாறைக்குப் போய், அதில் அறைந்து அறைந்து உடைத்துத் தின்னும் காட்சி. கையில்லாத உயிர் கருவியைப் பயன்படுத்துகிறது. சமையல்கட்டில் தேங்காய் உடைக்கிறவரின் பொறுமையோடு அந்த மீன் கோணம் மாற்றி மாற்றி அறைவதைப் பார்த்தபின், மீனுக்கு அறிவில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

காத்திருப்பு அறையில் ஒரு மான்

கோவையில் ஒரு மருத்துவமனையின் காத்திருப்பு அறை. எல்லோர் கையிலும் ஃபைல், எல்லோர் முகத்திலும் கவலை. சுவரில் டிவி, ஒலி இல்லை. செய்தி ஓடியவரை யாரும் நிமிரவில்லை. யாரோ சேனலை மாற்ற, சிவிங்கிப்புலி ஒன்று புல்லுக்குள் பதுங்கும் காட்சி வந்தது. ஒவ்வொரு தலையாக நிமிர்ந்தது. “தாய் மானு தப்பிச்சிடும், பாருங்க” என்று என் பக்கத்தில் இருந்த அம்மா முன்பின் தெரியாத எதிர்வரிசைக்காரரிடம் சொன்னார். “குட்டி மாட்டிக்குமேம்மா” என்றார் அவர். டோக்கன் எண் கூப்பிட்டும் ஒருவர் எழுந்து போகத் தாமதித்தார். மான் தப்பியதும் அந்த அறை முழுவதும் ஒரு பெருமூச்சு கேட்டது.

உயிருக்குப் போராடுவதைப் பார்ப்பதில் ஆறுதல் எப்படி வரும்? வருகிறது. அங்கே துரத்தும் விலங்குக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அதன் குட்டிக்கும் பசிக்கும். கட்சி எடுக்க முடியாத சண்டையைப் பார்க்கும்போது மனம் தன் வழக்கமான கோபங்களை இறக்கிவைக்கிறது. 1984-ல் ரோஜர் உல்ரிக் என்ற ஆய்வாளர் அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் பதிவேடுகளை ஆராய்ந்தார். பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில், ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்த படுக்கையில் இருந்தவர்கள், செங்கல் சுவர் மட்டும் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வலுவான வலிமருந்தும் குறைவாகவே கேட்டார்கள். ஜன்னலும் திரையும் ஒன்றில்லை. ஆனால் 2017-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து பிபிசி 7,500 பேரிடம் நடத்திய ஆய்வில், இயற்கைத் தொடர்களின் காட்சிகளைப் பார்த்தவர்களிடம் வியப்பும் மகிழ்ச்சியும் கூடி, பதற்றம் குறைந்திருந்தது. தன் நிகழ்ச்சியைப் பற்றித் தானே பங்கேற்ற ஆய்வு என்பதால் அதைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்கலாம். அந்த அறையின் பெருமூச்சை ஒதுக்க முடியாது.

நம் வீடுகளில் இந்தப் படங்களுக்கு இன்னொரு சலுகையும் உண்டு. தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து உட்கார்ந்து, ரிமோட்டைத் தேடி யாரும் பதறாமல் பார்க்கக்கூடியவை இவைதான். டிஸ்கவரியும் நேஷனல் ஜியாகிரஃபிக்கும் 1990களில் இந்தியாவுக்கு வந்தன. அவை தமிழ் பேசத் தொடங்கிய பிறகுதான் பாட்டிகள் பார்வையாளர்களானார்கள். 2017-ல் வந்த சோனி பிபிசி எர்த் தமிழிலும் ஒலித்தது. அந்தக் கம்பீரமான தமிழ்க் குரலைப் பள்ளிக்கூடத்தில் நடித்துக் காட்டாத பையன் இல்லை. ஒரு குறை மட்டும் சொல்ல வேண்டும். மூலத்தில் குரல் அடங்கி, காற்றின் ஓசை மட்டும் கேட்கும் இடங்களைச் சில தமிழாக்கங்களில் பேச்சால் நிரப்பிவிடுகிறார்கள். தமிழாக்கம் எழுதுகிறவர்கள் அந்த இடங்களைத் தயவுசெய்து விட்டுவிட வேண்டும். கொரில்லாவின் முன்னால் அட்டன்பரோ அடங்கிய குரலில்தானே பேசினார்.

சாகசக்காரர் காட்டுக்குள் குதித்துப் பூச்சி தின்று பிழைத்துக் காட்டும் நிகழ்ச்சிகளை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. 2020-ல் பந்திப்பூரில் பியர் கிரில்ஸோடு ரஜினிகாந்த் நடந்தபோது தமிழ்நாடே பார்த்தது, நானும் ஆசையாகப் பார்த்தேன். பார்த்தது ரஜினியை. காடு பின்னால் இருந்தது.

பெயர் தெரியாத கண்கள்

கேமராக்காரர் காத்திருக்க வேண்டிய இடம் எது என்று யார் சொல்கிறார்கள்? பனிச்சிறுத்தை எந்தப் பாறையில் உரசும் என்று லடாக்கின் மலைவாசிகளுக்குத் தெரியும். யானை எந்த வழியாக ஆற்றுக்கு இறங்கும் என்று முதுமலையில் காட்டுநாயக்கருக்குத் தெரியும். உலகத்தின் எந்த இயற்கைப் படத்தை எடுத்துக்கொண்டாலும் முதல் பார்வை அந்த மண்ணின் மக்களுடையது. அவர்கள் பெயர் படத்தின் கடைசியில், படிக்க முடியாத வேகத்தில், சின்ன எழுத்தில் ஓடுகிறது.

சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் இருளர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-லிருந்து இயங்குகிறது. அதை அமைக்கத் துணை நின்ற ராமுலஸ் விட்டேகரின் ராஜநாகப் படம் நேஷனல் ஜியாகிரஃபிக்குக்காக எடுக்கப்பட்டு எம்மி விருது பெற்றது. அவரது சென்னைப் பாம்புப் பண்ணைக்குப் பள்ளிப் பருவத்தில் உதவிக்கு வந்த ஷேகர் தத்தாத்ரி, இருளர்களைப் பற்றி ஒரு படமும், 1991-ல் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கைப் பற்றி ஒரு படமும் எடுத்து உலக அளவில் பெயர் பெற்றார். அந்த இருளர்களின் கண் எப்படிப்பட்டது என்று அமெரிக்கா 2017-ல் தெரிந்துகொண்டது. ஃபுளோரிடாவின் சதுப்புநிலத்தில் பெருகித் தொல்லை தந்த பர்மிய மலைப்பாம்புகளைத் தேட மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் அழைத்தார்கள். இயந்திரங்களோடு தேடியவர்கள் கோட்டைவிட்ட இடத்தில், இவர்கள் தடம் பார்த்து நடந்தே இரண்டு வாரத்துக்குள் பத்துக்கும் மேற்பட்ட பாம்புகளைப் பிடித்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

அதே 2023-ல்தான் தெப்பக்காடு யானை முகாமிலிருந்து ஒரு படம் ஆஸ்கர் மேடைக்குப் போனது. கார்த்திகி கொன்சால்வ்ஸ் இயக்கிய ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’. தாயைப் பிரிந்த குட்டி ரகுவை வளர்க்கும் பொம்மனையும் பெள்ளியையும் சுமார் ஐந்தாண்டு உடனிருந்து பார்த்து எடுத்த படம். பதிவானது 450 மணி நேரம். நாம் பார்ப்பது சுமார் 40 நிமிடம். அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு இன்னொரு முறை பாருங்கள். ஆற்றில் ரகுவைத் தேய்த்துக் குளிப்பாட்டும்போது பொம்மனின் கை எங்கே அழுத்துகிறது, எங்கே தடவிக்கொடுக்கிறது என்று கேமரா அறிந்து வைத்திருக்கிறது. அருகில் யாரோ படமெடுக்கிறார்கள் என்பதைக் குட்டியும் மறந்துவிட்டது, அவர்களும் மறந்துவிட்டார்கள். வளர்ந்த ரகுவை வேறு பராமரிப்பாளரிடம் கொண்டுபோகும்போது நம் தொண்டை அடைக்கிறது. அவர்கள் தமிழில் பேசுகிறார்கள், தங்கள் வாயாலேயே தங்கள் கதையைச் சொல்கிறார்கள். நிபுணரின் குரல் இடையில் வரவே இல்லை. தடம் காட்டுகிறவர்கள் எழுத்தோட்டத்தின் கடைசியிலிருந்து படத்தின் நடுவுக்கு வந்த அந்தப் படத்துக்குத்தான் உலகம் எழுந்து நின்றது.

பார்த்தால் போதுமா?

இந்தப் படங்களைப் பார்த்து உலகம் திருந்தியதா என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. ‘புளூ பிளானட் 2’-வின் முதல் பகுதியை பிரிட்டனில் 1 கோடியே 41 லட்சம் பேர் பார்த்தார்கள். பிளாஸ்டிக் பற்றிய காட்சிகள் அந்த நாட்டையே பேச வைத்தன. ஆனால் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தபோது, தொடரைப் பார்த்தவர்களுக்குக் கடலைப் பற்றிய அறிவு கூடியிருந்தது, பிளாஸ்டிக் பொருளை எடுக்கும் கை மாறவில்லை. எனக்கு இது வியப்பில்லை. கோடிக்கணக்கானோரைப் பொதுவாக நெகிழவைக்கும் படம் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம்தான் தர முடியும்.

ஓர் இடத்தில், ஓர் உயிரைப் பற்றி, முடிவெடுக்கக்கூடியவர்களின் முன்னால் வைக்கும் படம் சாதித்துக் காட்டியிருக்கிறது. மைக் பாண்டே குஜராத் கடற்கரையில் எடுத்த ‘ஷோர்ஸ் ஆஃப் சைலன்ஸ்’ 2000-ல் வந்தது. படகுக்குப் பூசும் ஈரல் எண்ணெய்க்காகவும் ஏற்றுமதி இறைச்சிக்காகவும் திமிங்கலச் சுறாக்கள் கரையில் அறுபடுவதை அந்தப் படம் காட்டியது. உலகின் மிகப் பெரிய மீன் அது. யாருக்கும் தீங்கு செய்யாதது. அடுத்த ஆண்டே, 2001-ல், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இடம்பெற்றது. புலிக்கு உள்ள காப்பு ஒரு மீனுக்குக் கிடைத்தது. அதே 2001-ல் கர்நாடகத்தின் குதிரேமுக் மலையின் இரும்புச் சுரங்கத்தைப் பற்றி ஷேகர் தத்தாத்ரி எடுத்த குறும்படம், அங்கே போராடியவர்களின் கையில் ஆயுதமானது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் சுரங்கத்தை மூடச் சொன்னது. விருங்கா மலையில் அட்டன்பரோ ஊர்ந்து போன காலத்தில் இருந்த கொரில்லாக்கள் சுமார் 250. 2018-ல் வெளியான கணக்கில் 604. உகாண்டாவின் பிவிண்டிக் காட்டையும் சேர்த்தால் ஆயிரத்தைத் தாண்டுகிறது. துப்பாக்கியோடு காவல் நின்ற வனக்காவலர்களின் உழைப்பு அது, பலர் உயிரையும் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு உலகத்தின் காசும் கவனமும் வந்து சேர அந்தக் கொஞ்ச நேரக் காட்சிக்கும் பங்குண்டு.

இவ்வளவையும் எழுதிவிட்டு நம் ஊர் டிவியின் இரவுப் பட்டியலைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. தொடர்கள், போட்டிகள், விவாதங்கள். நம் பெரிய சேனல்களிடம் பணம் இல்லையா, கேமரா இல்லையா, ஒளிப்பதிவாளர்கள் இல்லையா? உலகமே மெச்சும் ஒளிப்பதிவாளர்கள் இந்த மண்ணில் பிறந்தவர்கள். பொருளும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மாநில விலங்கான வரையாட்டுக்குத் தனித் திட்டம் நடக்கிறது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர் மலையில் தேவாங்குகளுக்கென்று இந்தியாவின் முதல் சரணாலயம் 2022-ல் அறிவிக்கப்பட்டது. சென்னைக் கடற்கரையில் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக இரவெல்லாம் நடந்து பங்குனி ஆமை முட்டைகளைக் காப்பாற்றுகிறார்கள். 2025-ன் தொடக்கத்தில் அதே கடற்கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியபோது அது செய்தியாக மட்டுமே நம்மிடம் வந்தது. அந்த மாணவர்களோடு ஒரு பருவம் முழுக்க ஒரு கேமரா நடந்திருந்தால், இழுவலையில் ஆமை எப்படி மூச்சுமுட்டிச் சாகிறது என்று வீட்டுக்கு வீடு தெரிந்திருக்கும்.

என்னைக் கேட்டால் பாக் விரிகுடாவிலிருந்து தொடங்கலாம். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் கடல் 2022-ல் இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமானது. கடற்பசுவைப் படமெடுப்பது லேசான காரியமில்லை. கலங்கிய நீர், கூச்ச சுபாவம், மூச்சுவிட மட்டும் மேலே வந்துவிட்டு உடனே முங்கிவிடும். கடற்புல் எங்கே செழித்திருக்கிறது, எந்த மாதம் எந்தப் பக்கம் வரும் என்பது அந்தக் கரையின் மீனவர்களுக்குத் தெரியும். வலையில் சிக்கியதை அறுத்து விடுவித்துக் கடலுக்கே திருப்பி அனுப்பியவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஒரு சேனல் இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்து, ஒரு சிறு குழுவை அவர்களோடு அனுப்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் அரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். படகில் முன்னால் உட்கார்ந்து வழி காட்டியவரின் பெயரைப் படத்தின் முதல் அட்டையிலேயே போட வேண்டும்.